வீட்டுக்காரர் பெயர்

எங்கள் ஊர் கிராமசபையிலிருந்து பட்டினசபையாக உயர்ந்தபோது, பெயர்ப்பலகையைத் தவிர வேறெதுவும் உடனே மாறவில்லை. அதையும் புதிதாகச் செய்யவில்லை. பழைய பலகையில் 'கிராம' என்ற எழுத்துகளின் மேல் வெள்ளை பூசி, அதன் மேல் 'பட்டின' என்று எழுதினார்கள். பூச்சு மெல்லியது. பின்னேர வெயில் சரிந்து விழும்போது அடியில் கிடந்த 'கிராம' மெதுவாக எழும்பி வரும். "காலையில பட்டினம், அஸருக்குப் பிறகு கிராமம்" என்று சந்தைக்கு வருகிறவர்கள் பகிடி பண்ணினார்கள்.

பெரிய சூறாவளி ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய் அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தென்னைகள் தலையில்லாமல் நின்றன. நிவாரணத் தகரம்தான் பாதி வீடுகளுக்குக் கூரை. கடற்பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. ஆகவே புதிய சபை எதைச் செய்யப் போகிறது என்று யாரும் மண்டையை உடைக்கத் தேவையிருக்கவில்லை. குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு, குப்பை அள்ள ஒரு ட்ரக்டர். சந்தைக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கிக்கு நான்கு தூண்கள் எழும்பி நின்றன. ஆனால் எந்த வீட்டுக்குக் குழாய் போடுவது? ஊரில் எத்தனை வீடு என்று யாருக்கும் தெரியாது. தெருக்களுக்குப் பெயர் கிடையாது, வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. தபால்காரருக்கு எல்லாம் தெரியும். அவர் தலைக்குள் இருந்ததை அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு அனுப்ப வழியில்லை. எனவே முதலில் வீடுகளை எண்ணி, இலக்கம் போட்டு, ஒரு புத்தகத்தில் பதிய வேண்டும் என்று முடிவானது.

இந்த வேலைக்கு முதலில் இரண்டு ஆண்களைத்தான் அனுப்பினார்கள். மூன்று நாளில் திரும்பி வந்துவிட்டார்கள். பகலில் ஆண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஒன்றில் வட்டையில் வயல்வேலை, இல்லாவிட்டால் கடல், இல்லாவிட்டால் கடை. கடப்படியில், வேலி வாசலில், நின்று அந்நிய ஆண் ஒருவன் கூப்பிட்டால் உள்ளே இருக்கும் பெண் கதவுக்குப் பின்னால் நின்று, "ஊட்ட ஆக்கள் இல்ல" என்பாள். இவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரு முழுத் தெருவுக்கும் 'ஆட்கள் இல்லை'. சேர்மன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "சூறாவளியில தப்பின சனம் எல்லாம் இப்ப எங்க போச்சு?" என்று கேட்டாராம்.

அப்படித்தான் ஒரு பெண் தேவைப்பட்டது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏ.எல். பரீட்சையில் ஒரு பாடம் தவறி வீட்டில் இருந்தேன். வாய் சும்மா கிடக்காது. கோபமோ மூக்கு நுனியில். வாப்பா, "தெருத் தெருவாத் திரியிற வேலை என்ட மகளுக்கு வேணா" என்றார். உம்மா, "ஊட்டுக்குள்ள இருந்து என்னோட சண்டை புடிக்கிறத்தை விட அது நல்லம்" என்றார். உம்மா சொன்னதே நடந்தது.

என்னோடு சபை வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியரையும் அனுப்பினார்கள். காரைதீவு ஆள், ஐம்பதை நெருங்கியவர். சைக்கிள் கரியரில் கறுப்புப் பெயின்ட் வாளி, இலக்கங்கள் வெட்டிய தகரத் தட்டுகள். நான் உள்ளே போய்க் கதைத்து எழுதுவேன். அவர் வெளியே வெயிலில் நின்று கடப்படித் தூணில் இலக்கம் அடிப்பார். ஒரு வீட்டில் நான் கால் மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தால் மணியை அடிப்பார். "பிள்ளை, வீட்டை எண்ண வந்தனாங்கள், விருந்துக்கு வரயில்லை" என்று வேலிக்கு மேலால் குரல் வரும்.

புத்தகத்தில் கோடு கீறிய கட்டங்கள் இருந்தன. இலக்கம், வீட்டுக்காரர் பெயர், கூரை, கிணறு, ஆட்கள். நான் கட்டத்தில் இருந்தபடியே கேட்டேன். "வீட்டுக்காரர் பேர் என்ன?"

இந்த இடத்தில்தான் நான் மண்ணாய்ப் போனேன். எங்கள் பெண்களுக்கு 'ஊட்டுக்காரர்' என்றால் புருஷன். வேறு அர்த்தமே கிடையாது. வீடு யாருடையது என்று நான் கேட்கிறேன்; உன் புருஷன் யார் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருகிறவர், வந்து அங்கேயே இருக்கிறவர். இது ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கையில் அரசாங்கப் புத்தகம் ஒன்று வந்தவுடன் எனக்குத் தெரிந்ததெல்லாம் மறந்து போயிற்று. கட்டம் கேட்டது, நான் நிரப்பினேன்.

அதை நிரப்புவதும் லேசாக இல்லை. புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். "இவட வாப்பாதான்" என்று இடுப்பில் இருக்கும் பிள்ளையைக் காட்டுவார்கள். "பிள்ளைட பேரில்லகா, வாப்பாட பேரு" என்பேன். சிரித்துவிட்டு முக்காட்டுக்குள் முகத்தை ஒளிப்பார்கள். ஒருத்தி, "பெருநாளைக்கு முதல் மாசத்துட பேருதான் அவருக்கும்" என்று விடுகதை போட்டாள். இன்னொருத்தி பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தாள்; பதிலுக்கு இவள் அவளுடைய புருஷன் பெயரைச் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் சுகம், கத்திச் சொல்லிவிடும். எதுவும் இல்லாவிட்டால் அரிசிக் கூப்பன் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், நான் பார்த்து எழுதிக்கொள்வேன்.

கூப்பன் புத்தகத்தை நீட்டியவர்களில் ஒருவரைப் பற்றித்தான் நான் இதை எழுதுகிறேன். கடற்கரைத் தெருவில் இரண்டாவது ஒழுங்கை. நெல் அவித்துக் குற்றி அரிசி விற்கிறவர். நான் போனபோது முற்றத்தில் பெரிய கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். நான் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், தூரத்துச் சொந்தத்தில் அக்கா முறை. வழக்கம்போல் கேட்டேன், வீட்டுக்காரர் பேர் என்ன?

"அவர் போய் மூணு வருசமாச்சு புள்ள" என்றார் ராத்தா. "தெற்கால ஒரு ஊரில கலியாணம் முடிச்சி அங்கயே இரிக்கார். இஞ்ச வாறல்ல. அவர்ட பேர் என்னத்துக்கு?"

மத்தியான வெயில். தாகம். வெளியே ஓவசியர் மணியடிக்கிறார். "ஆள் இல்லாட்டியும் பேர் வேணும் ராத்தா. கட்டத்தை வெறுமனே உட ஏலா" என்றேன். அப்படித்தான் சொன்னேன், எரிச்சலோடு. அவர் உள்ளே போய்ப் பழைய கூப்பன் புத்தகத்தை எடுத்து வந்தார். நான் அந்தப் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, அழகான கையெழுத்தில் எழுதினேன். கூரை: தகரம். கிணறு: உப்பு. ஆட்கள்: மூன்று. ஆட்கள் மூன்று என்று எழுதிய கைக்கே, வீட்டுக்காரர் அந்த மூன்றில் இல்லை என்பது உறைக்கவில்லை.

எண்ணி முடித்து, நல்ல புத்தகத்தில் திரும்ப எழுதி, சேர்மன் ஒப்பம் வைத்தார். பிறகு அதன் பிரதியைச் சபைச் சுவரில் ஒட்டினோம். ஆட்சேபனை இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அடியில் ஒரு வரி. ஆட்சேபனையாவது மண்ணாவது! ஆண்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கள் பெயரைத் தேடிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். பிறந்த வீடு ராத்தாமாருக்கும் தங்கச்சிமாருக்கும் போய், வந்த வீடு பெண்சாதியுடையதாக இருக்கிற ஆண்களுக்கு, அரசாங்கம் 'வீட்டுக்காரர்' என்று எழுதி ஒட்டியிருப்பது புளகம் தராமல் இருக்குமா? ஒருவர் நகல் கேட்டார். அதைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். அந்தக் கிழமை முழுக்க நான் நகல் எழுதினேன். செக்ரட்டரி றப்பர் முத்திரை குத்தினார். ஒரு மனுசன் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாராம்.

மூன்றாம் கிழமை, வெள்ளைச் சாரமும் சட்டையும் உடுத்த ஒருவர் வந்து மரியாதையாகக் கேட்டார். எங்கேயோ பார்த்த முகம், யாரென்று நான் யோசிக்கவில்லை. இலக்கத்தைச் சொன்னார், நான் வரியைத் தேடி எழுதிக் கொடுத்தேன். "கையெழுத்து நல்ல வடிவு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அதைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, அஸர் தொழுகை முடிந்த நேரம், ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். சபைக் கந்தோருக்கு வராமல் வீட்டுக்கு வந்ததே எனக்கு விளங்கவில்லை. உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

"புள்ள, நீ அண்டைக்கு என்ட ஊட்டை என்னண்டு எழுதின?" என்று கேட்டார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். அவர் மெதுவாகக் கேட்டார்.

அன்று காலை, ராத்தாவை விட்டுப் போன அந்த மனுசன் ஓர் ஆளோடு வந்திருக்கிறார். வாங்க வந்தவர் வளவைக் காலால் அளந்து பார்த்தாராம். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "உப்பா?" என்று கேட்டாராம். ராத்தா கேட்டதற்கு மனுசன் பொலித்தீன் பையைக் காட்டியிருக்கிறார். "ஊடு என்ட பேரில இரிக்கி, சபை முத்திரை குத்திரிக்கி, விக்கப் போறன். அடுத்த மாசத்துக்குள்ள பிள்ளைகளக் கூட்டிக்கு எங்கயாவது போ" என்றாராம்.

"வாப்பா நிக்காஹ் அண்டு பத்துப் பேருக்கு முன்னால சொன்ன, இந்த ஊடு மகளுக்கெண்டு" என்றார் ராத்தா. "உறுதி எழுதல்ல. ஆரு எழுதின? வாப்பா மௌத்தாகி ஆறு வருசம். என்ட மூத்தவளுக்கு இன்னும் மூணு நாலு வருசத்துல மாப்பிள்ளை பாக்கணும். ஊடில்லாம எந்த மாப்பிள்ளை வருவான்? எங்க வருவான்? நீ சொல்லு பாப்பம்."

அவர் சொன்னதுதான் எங்கள் ஊர் நடப்பு. பாதி வீடுகளுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. நிக்காஹில் சொன்ன வாய்ச்சொல்தான் உறுதி, அதை யாரும் மறுத்துக் கேட்டதில்லை. எழுத்தில் எதுவும் இல்லாதவரை எல்லாம் சரியாக இருந்தது. இப்போது எழுத்தில் ஒன்று வந்துவிட்டது, அதை எழுதியவள் நான். அவர் போன பிறகு கிணற்றடிக்குப் போய் நின்று அழுதேன். வெட்கத்தில் அழுதேன், கோபத்திலும்தான்.

மறுநாள் காலையில் கந்தோர் திறக்கு முன்னமே போய் நின்றேன். செக்ரட்டரி நல்ல மனுசன்தான், ஆனால் சட்டைப் பையில் பேனாவோடு பிறந்தவர். "நான் பிழையா எழுதிட்டன் சேர், வெட்டித் திருத்துறன்" என்றேன்.

"புத்தகத்துல சேர்மன் ஒப்பம் வெச்சாச்சு. இனி நீயும் தொட ஏலா, நானும் தொட ஏலா. ஆட்சேபனை எழுதிக் குடுக்கச் சொல்லு, விசாரிப்பம். அவக்கிட்ட உறுதி இரிக்கா?"

"இல்ல சேர்."

"அவர்க்கிட்ட நகல் இரிக்கி."

"அந்த நகலை எழுதினதும் நான்தான்!"

"அப்ப நல்லாத்தான் எழுதிரிப்பாய்" என்றார். பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது.

வெளியே ஓவசியர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் கொட்டித் தீர்த்தேன். அவர் பம்பை நிறுத்தாமல் கேட்டார்.

"ஒரு வீட்டை மட்டும் பிழையா எழுதினதெண்டு சொன்னா, அது புருசன் பெண்சாதிச் சண்டை. சபை தலையிடாது" என்றார். "எத்தனை வீட்டைப் பிழையா எழுதின நீ?"

யோசித்துப் பார்த்தேன். "எல்லா ஊட்டையும்."

"அப்ப அதைச் சொல்லன்" என்றார்.

அதைச் சொன்னால் வேலை போகும். மூன்று மாத வேலைதான், இருந்தாலும் என் முதல் வேலை. ஊரே சிரிக்கும், ஏ.எல். பெயிலான பெட்டைக்கு வீட்டுக்காரர் யாரென்றே தெரியவில்லை என்பார்கள். ஆட்சேபனைக் காலம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. ஆட்சேபனை எழுதக் கடதாசிக் கட்டும், பெருவிரல் அடையாளத்துக்குத் தபால் கந்தோரில் இரவல் வாங்கிய மைப்பெட்டியுமாகத் திரும்பவும் முதல் தெருவிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை கட்டத்தில் இருந்ததைக் கேட்கவில்லை.

"இந்த ஊடு ஆருட சீதனம்?"

கேட்டு வாய் மூடவில்லை. "என்ட" என்று பதில் வந்தது. விடுகதை இல்லை, முக்காட்டுக்குள் சிரிப்பு இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடவும் இல்லை. என்ட. என்ட. வாப்பா தந்த. இது உம்மாட, எனக்குத் தந்துட்டு அவ பின்னுக்குக் குசினியில இரிக்கா. ஒருத்தி தன் பெயரையும் தாயின் பெயரையும் தாய்வழிக் குடியின் பெயரையும் நான் கேட்காமலே சொன்னாள். முதல் தடவை ஒரு கிழமை எடுத்த தெருவை இப்போது ஒன்றரை நாளில் முடித்தேன். ஓவசியர் மணியடிக்கத் தேவை வரவில்லை.

ஆண்களையும் கேட்காமல் விட முடியாது. தங்களுடைய வீடு இல்லை என்று அவர்களும் ஒப்பம் வைத்தால்தான் செக்ரட்டரி வாய் திறக்க மாட்டார். பெரும்பாலும் சிரித்தார்கள். வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர், "எங்கட பேரில ஒரு சாமானாவது இரிக்கட்டுமெண்டு பாத்தா அதையும் புடுங்க வந்துட்டாய்" என்றார், பிறகு கையெழுத்து வைத்தார். கண்ணாடி போட்டு மாட்டிய மனுசன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று நாலு பேர் முடியாது என்றார்கள். அவர்களோடு நான் சண்டை பிடிக்கவில்லை, அவர்களுடைய பெண்சாதிமார் பிடித்தார்கள். அடுத்த நாள் கடதாசிகள் ஒப்பத்தோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

எட்டாம் நாள் சேர்மனுடைய வீட்டைக் கடந்து போனேன். உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை. கடப்படியில் சேர்மனுடைய பெண்சாதி நின்று கை காட்டினார்.

"எல்லா ஊட்டுக்கும் போறாய், இஞ்ச வராம என்னத்துக்குப் போறாய்? எங்கட ஊட்டை ஆருட பேரில எழுதிரிக்காய்?"

"சேர்மன்ட பேரில, மாமி."

"அப்படியா?" என்றார். "அவர் கலியாணம் முடிச்சி இஞ்ச வரக்குள்ள ஒரு சூட்கேசும் ஒரு குடையும் கொண்டு வந்தவர். குடை இப்ப ஓட்டை. கொண்டா கடதாசியை." கையெழுத்து வைத்து ஊதி உலர்த்தி என் கையில் தந்தார். "இதை எல்லாத்துக்கும் மேல வெய்."

சேர்மனுடைய ஒப்பம் அதில் இருக்கவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை. மேலேயே வைத்தேன்.

விசாரணை சபை மண்டபத்தில் ஒரு காலை நடந்தது. மண்டபம் என்றால் பழைய கிராமசபையின் நீளமான அறைதான், பெஞ்சு மட்டும் புதிது. ஆண்கள் உள்ளே நிறைந்திருந்தார்கள். பெண்கள் யன்னல்களுக்கு வெளியே நின்றார்கள். அப்படி ஒரு கூட்டம் சபை உயர்ந்த அன்றுகூட வரவில்லை. ராத்தா மட்டும் விசாரிக்கப்பட வேண்டியவர் என்பதால் உள்ளே, கதவோரம், இரண்டு பிள்ளைகளோடும் நின்றார். எதிர்ப்பக்கம், சபை அறிவித்தல் அனுப்பி வரவழைத்த அந்த வெள்ளைச் சட்டை.

சேர்மன் கடதாசிக் கட்டை எடுத்து மேலே இருந்ததை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"இது எங்கட ஊட்டுக்காரிட கையெழுத்தெல்லுவா?"

'ஊட்டுக்காரி' என்ற சொல் அவர் வாயிலிருந்து விழுந்ததும் யன்னலுக்கு வெளியே ஒரு சிரிப்புக் கிளம்பி உள்ளே வந்தது. செக்ரட்டரி இருமினார். நான் தரையைப் பார்த்தேன். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். சேர்மன் கடதாசியை மேசையில் வைத்துவிட்டுத் தானும் சிரித்துவிட்டார். "ஓம், உண்மைதான். நானும் வந்த மாப்பிள்ளைதான்" என்றார். சீதன வீடு என்றால் பெண்ணின் பெயரில் எழுத வேண்டும், எல்லா வரியையும் திருத்த வேண்டும் என்று அந்த இடத்திலேயே சபை தீர்மானித்தது. என்னை ஒரு வார்த்தை ஏசினார். "கண்ணை எங்க வெச்சிக்கு எழுதின நீ?" அவ்வளவுதான்.

அப்போது வெள்ளைச் சட்டை எழும்பியது. "மத்த ஆக்கள் விருப்பத்தோட குடுக்கிறாங்க சேர்மன். நான் குடுக்கல்ல. என்ட கையில சபைட முத்திரை இரிக்கி. அந்த ஊட்டுக்கு ஓடு போட்டவனும் நான்தான்."

இது எதிர்பாராதது. ஓடு போட்டது உண்மைதான் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். செக்ரட்டரி சேர்மனின் காதில் ஏதோ சொன்னார். சேர்மன் ராத்தாவைப் பார்த்தார்.

"அவர் போட்ட ஓட்டைச் சூறாவளிக் காத்து கொண்டு போயிட்டு" என்றார் ராத்தா. "வேணுமெண்டா தேடி எடுத்துக்குப் போகட்டும். இப்ப கிடக்கிறது நிவாரணத் தகரம்."

யன்னலுக்கு வெளியே மறுபடியும் சிரிப்பு. செக்ரட்டரி மேசையில் தட்டினார். இந்த விசயத்தைத் தனியாகப் பதிய வேண்டும் என்றார். பதிகிற புத்தகம் என் முன்னால் இருந்தது. செக்ரட்டரி முறைப்படி கேட்டார், "எதிராளிட பேரென்ன?"

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். யாரையாவது கேட்டு எழுது என்று சேர்மன் கண்ணைக் காட்டினார். ஒரு பெண்ணிடம் புருஷன் பெயரைச் சபையில் கேட்பது அழகில்லை என்று அவருக்கும் தெரியும். மூத்த பெண்பிள்ளை, தாயைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, "வாப்பாட பேரு" என்று தொடங்கினாள். ராத்தா அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ சொல்லாத மகள். நான் சொல்றன்."

சொன்னார். தகப்பன் பெயரோடு சேர்த்து, ஓர் எழுத்தும் விழுங்காமல், கூப்பன் புத்தகத்தில் இருந்த மாதிரியே சொன்னார். குரல் உயரவில்லை. வெளியே நின்ற பெண்கள் யன்னல் கம்பிகளோடு நெருங்கி வந்தார்கள். "இவர் என்ட ஊட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவர். மறுகா போனவர். போகக்குள்ள ஊட்டைத் தூக்கிக்குப் போகல்ல."

நான் அந்த மனுசனைப் பார்த்தேன். ஓட்டைப் பற்றிச் சிரித்தபோதுகூட அசையாமல் நின்றவர், தன் பெயரைக் கேட்டதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழ்ந்த பெண்ணின் வாயிலிருந்து அதை அவர் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அது எதைக் குறிக்கிறது என்று அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது, அவருக்கும் விளங்கியது.

"அந்த ஊட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?" என்று சேர்மன் கேட்டார். "வாங்கின ஆளா, மாப்பிள்ளையா?"

"மாப்பிள்ளையாத்தான்" என்றார் அவர்.

அதோடு முடிந்தது. செக்ரட்டரி சிவப்பு மையை என் பக்கம் தள்ளினார். நான் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு கீறி, மேலே ராத்தாவின் பெயரை எழுதினேன். அந்த மனுசன் நகலை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்காமல் வெளியே போனார். தெற்கே போகும் பஸ்ஸின் சத்தம் கேட்டது.

ராத்தா மேசைக்கு வந்தார். வாசிக்கத் தெரியாது. விரலை வைத்து, "இதா?" என்று கேட்டார். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"இன்னொரு கோடு கீறு புள்ள."

கீறினேன். சட்டப்படி ஒன்று போதும். செக்ரட்டரி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

குழாய்த் தண்ணீர் வர மேலும் ஒன்றரை வருஷம் எடுத்தது. அதுவும் ஒன்றுவிட்ட ஒரு நாள், காலையில் கொஞ்ச நேரம். விண்ணப்பப் படிவத்தில் அதே அச்சு, 'வீட்டுக்காரர் கையொப்பம்'. ராத்தா அதில் பெருவிரலை அழுத்தி வைத்தார். அவருடைய மூத்த மகளுக்கு அந்த வீட்டுக்கே மாப்பிள்ளை வந்தார், நானும் சோறு தின்னப் போயிருந்தேன். கடப்படித் தூணில் ஓவசியர் அடித்த இலக்கம் அப்போதும் அழியாமல் இருந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மகள் பக்கத்தில் வந்து, அந்த மனுசனின் பெயர் என்ன என்று கேட்டாள். எனக்கு நினைவிருக்கிறது, தகப்பன் பெயரோடு சேர்த்து. அதை நான் இங்கே எழுதவில்லை. முன்பு எழுதியதே போதும்.